கூழ் ஊற்றும் வரை மாத்திரை இல்லை

காட்டுமன்னார்கோயிலுக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் இளவரசு கண்டக்டர். வாய் சும்மா இருக்காத ஆள். படியில் தொங்குகிறவனை அவன் திட்டினால், திட்டு வாங்கியவனே சிரித்துக்கொண்டு உள்ளே நகர்வான். 2009 கார்த்திகை மழையில் அந்த வாய்க்கு இருமல் பூட்டுப் போட்டது. சளிதானே என்று கசாயமாகக் குடித்துத் தள்ளினான். உடம்பு துரும்பாக இளைத்து, சளியில் ரத்தம் கண்ட பிறகுதான், பொங்கல் கழிந்து, சிதம்பரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனான். காசநோய் என்றார்கள்.

மனைவி கயல்விழி அதற்குள் வளைகாப்பு முடிந்து மங்கலம்பேட்டையில் அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். அவளையும் சோதித்துப் பார்த்தார்கள், நல்லவேளை, ஒன்றுமில்லை. மாசியில் பெண் குழந்தை பிறந்தது. மாமனார் ராஜமாணிக்கம் பொல்லாதவர் இல்லை. சளி சுத்தமாகிவிட்டது என்று டாக்டர் வாயால் சொல்லட்டும், அப்புறம் வந்து ஆசை தீரத் தூக்கிக் கொஞ்சுங்கள் மாப்பிள்ளை என்று போனில் தன்மையாகத்தான் சொன்னார். பச்சைக் குழந்தை விஷயம். இளவரசு சரி என்றான்.

பிள்ளை பெற்றவன், பிள்ளையைப் பார்க்காதவன். கயல்விழி செல்போனைக் குழந்தையின் வாயருகே பிடிப்பாள். அது கொட்டாவி விடுவதும் விக்குவதும் கேட்கும். பேசி முடித்த பிறகும் அவனுக்குப் போனைக் கீழே வைக்க மனசு வராது. அதன் எடை என்ன, தலையில் முடி எவ்வளவு, தூக்கினால் கையில் எப்படி இருக்கும் என்று படுத்தபடியே கணக்குப் போடுவான். ஏங்கினான் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம்; அவன் பட்ட பாட்டுக்கு அந்த வார்த்தை போதாது.

டாக்டர் பிரீதா அவனுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்லியிருந்தாள். உடம்புக்குள் காவலுக்கென்று சில செல்கள் உண்டு. வருகிற கிருமியை அப்படியே விழுங்கிக் கரைத்துவிடும். காசநோய்க் கிருமியையும் விழுங்கத்தான் செய்யும், ஆனால் கரைக்கத் தெரியாது. விழுங்கிய செல்லுக்குள்ளேயே கிருமி உட்கார்ந்து குடித்தனம் நடத்தும், பெருகும். மருந்து அங்கே உள்ளே வரை போய் அடிக்க வேண்டும். அதனால்தான் ஆறு மாதம். டிக்கெட் எடுக்காமல் கடைசி சீட்டுக்கு அடியில் படுத்துக்கொள்ளும் ஆள் மாதிரி என்று இளவரசு புரிந்துகொண்டான். முதல் இரண்டு மாதம் முடிந்ததும் சளியைச் சோதிப்போம், சுத்தமாக இருந்தால் குழந்தையைத் தூக்கலாம் என்றாள் டாக்டர்.

வாரத்துக்கு மூன்று நாள், டீக்கடை சிங்காரத்தின் கண் முன்னால் மாத்திரையை விழுங்க வேண்டும். அதற்கு அவரைத்தான் சாட்சியாகப் போட்டிருந்தார்கள். குமட்டல் பிடுங்கும், சிறுநீர் செக்கச்செவேலென்று போகும். இளவரசு ஒரு வேளை தவறவில்லை. இருமல் அடங்கியது, சோறு இறங்கியது.

சோதனைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவனுக்கு அம்மை போட்டது.

அம்மை கண்ட வீட்டு முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாசலில் வேப்பிலை, தாளிதம் கிடையாது, வெளி ஆள் வரக்கூடாது, மருந்து மாத்திரை தொடவே கூடாது. அவன் அம்மா சௌந்தரம் இன்னும் ஒரு படி மேலே போய், ஆடியில் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டாள். மாத்திரையை நிறுத்தாதே என்று டாக்டர் சொன்னதை இளவரசு தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தான்.

“ஆத்தா எறங்கியிருக்கா. கூழ் ஊத்தி அனுப்பி வெக்கற வரைக்கும் மாத்திரயத் தொடாத. அவ கோவம் ஒன்னோட போவாது, மங்கலம்பேட்டைல கெடக்குதே பச்ச மண்ணு, அதும் மேல போயி எறங்கும்.”

அந்த ஒரு வார்த்தை போதும். தனக்காக என்றால் அம்மாவிடம் மல்லுக்கு நின்றிருப்பான். குழந்தை என்றதும் மாத்திரையை நிறுத்திவிட்டான். சிங்காரமும் அம்மை வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து விசாரிக்க வந்த ஊழியரிடம், மகன் மங்கலம்பேட்டையில் இருக்கிறான், அங்கேயே மாத்திரை சாப்பிடுகிறான் என்று சௌந்தரம் கூசாமல் புளுகினாள். யாரைத்தான் நோவது? எல்லோரும் குழந்தையைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்கள்.

தண்ணீர் ஊற்றி, கொப்புளம் உதிர்ந்து, சித்திரையில் அவன் பஸ் ஏறினான். உடம்பு தெம்பாக இருந்தது. சளியைச் சோதிக்கப் போகவில்லை. போனால் மாத்திரை எங்கே என்று கேட்பார்களே. கூழ் ஊற்றியதும் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நாளைத் தள்ளினான். ஆனிக் கடைசியில் இருமல் திரும்பி வந்தது. ஆடியில் அம்மா கூழ் ஊற்றிய மறுநாளே டாக்டரின் முன்னால் போய் நின்றான்.

சளியில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்து முடிவு சொல்ல ஐப்பசி ஆகிவிட்டது. டாக்டர் பிரீதா கோபப்படவில்லை. அம்மை வைரஸால் வருவது, பெரும்பாலும் தானாக வந்து தானாகப் போய்விடும் என்றாள். காசநோய் அப்படிப் போகாது. பாதி அடி வாங்கிப் பிழைத்த கிருமிகள் பழைய மருந்துக்குப் பழகிவிட்டன. இதற்கென்று வேறு வைத்தியம் இருக்கிறது. இந்தப் பக்கத்துக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. இரண்டு வருஷம். முதல் பல மாதங்களுக்கு ஊசி. திங்கட்கிழமை வெளியூர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அதுவரை பஸ்ஸில் ஏறக் கூடாது.

ஆனியிலிருந்து பஸ்ஸில் யார் யார் முகத்துக்கு நேரே இருமினோம் என்று அவன் எண்ணிப் பார்த்தான். ஆனால் வாயில் வந்தது ஒரே கேள்விதான்.

“கொழந்தையத் தூக்கலாங்களா, மேடம்?”

“சளி சுத்தமாகணும் இளவரசு. ஆறு மாசமும் ஆகலாம். அதுவரைக்கும் வேணாம்.”

சிங்காரம் தன் டிவிஎஸ் வண்டியைக் கொடுத்தார், முகத்தைப் பார்க்காமலே. ஞாயிற்றுக்கிழமை, மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு, விருத்தாசலம் வழியாக மங்கலம்பேட்டைக்கு ஓட்டினான். வழியெல்லாம் நெஞ்சு பிடித்தது. நிறுத்தி நிறுத்தி இருமினான். வீட்டுக்குள் போகவில்லை. தெருவிலேயே வண்டியை நிறுத்தி, எதிர்ப்புறம் புங்கமரத்தடியில் நின்றான். ராஜமாணிக்கம் வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். கயல்விழி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். எட்டு மாதக் குழந்தை. அவன் கணக்குப் போட்டதைவிட முடி அதிகம்.

“இன்னும் நாலடி கிட்ட வாங்க மாமா. மொகத்தயாச்சும் நல்லாப் பாத்துட்டுப் போங்க” என்று சொல்லிக் குழந்தையைச் சிமெண்டு வாசலில் இறக்கிவிட்டாள்.

அவன் தெருவைக் கடந்து வாசல் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். குழந்தை அவனைப் பார்த்தது. மாஸ்க்கைப் பார்த்தது. அழும் என்று நினைத்தான். அது இரண்டு கையையும் ஊன்றி அவனை நோக்கித் தவழ ஆரம்பித்தது. இளவரசு எழுந்து ஓரடி பின்னால் வைத்தான். யாரோ புதிதாக விளையாட்டுக் காட்டுகிறார்கள் என்று நினைத்ததோ என்னவோ, கிலுக்கென்று சிரித்து இன்னும் வேகமாக வந்தது. அவன் இன்னும் ஓரடி பின்னால் போனான்.

“வராத கண்ணு. அப்பாகிட்ட வராத.”

குழந்தை சிரித்துக்கொண்டே வந்தது. அவன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தான். தெரு மண்ணில் அதன் கை படுவதற்குள் கயல்விழி ஓடிவந்து வாரி எடுத்தாள். குழந்தை அவள் தோளுக்கு மேலே எம்பி, அவன் பக்கம் இரண்டு கையையும் நீட்டி அழுதது. தன்னிடம் வர வேண்டும் என்று தன் மகள் அழுவதை இளவரசு அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான்.