ஹாலில் தொங்கும் பன்னிரண்டு வயது

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டு ஹாலில் என் மஞ்சள் நீராட்டு விழா போட்டோ ஒன்று தொங்குகிறது. பட்டுப் புடவை, ரோஜா மாலை, தலை நிறையப் பூ, முகத்தில் ஓர் அசட்டுச் சிரிப்பு. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. வயசுக்கு வந்ததும் பன்னிரண்டில்தான் என்று ஊரே நம்பியது. வடிகட்டிய பொய்.

உண்மையில் ஒன்பது. நாலாம் வகுப்பு. பாவாடையில் கறையைப் பார்த்துவிட்டு, எங்கேயோ அடிபட்டுவிட்டது என்று அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடிவந்தேன். அம்மா என்னைக் குளிப்பாட்டி, பக்கத்தில் உட்காரவைத்து, யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்றாள். யாரிடமும் என்றால் முக்கியமாக அத்தையிடம். அப்பாவின் அக்கா, அதே தெருவில் இருந்தாள். பக்கத்துத் தெருவில் ஒரு பெண் சின்ன வயதிலேயே பெரியவளானபோது, "பிஞ்சுலயே பழுத்துடுச்சு" என்று தெருக்குழாயடியில் நின்று சொன்னவள் அத்தைதான். அந்தப் பேச்சு தாங்காமல் அந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்தே நிறுத்திவிட்டார்கள்.

மூன்று வருடம் அம்மா சமாளித்தாள். மாதாமாதம் எனக்கு 'வயிற்றுவலி' வரும். விஷயம் தெரியாத அத்தை ஓமக் கஷாயம் கொண்டுவருவாள். அந்தக் கண்றாவியையும் குடித்துத் தொலைக்க வேண்டும். மற்றபடி நான் பாட்டுக்குப் பாண்டி ஆடினேன், சைக்கிள் ஓட்டினேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, அம்மாவே நாள் பார்த்து, பெண் பெரியவளாகிவிட்டாள் என்று அறிவித்தாள். தாய்மாமா குடிசைக்குப் பச்சை ஓலை கட்டினார். அத்தை ஆரத்தி எடுத்தாள். நான் வெட்கப்பட்ட அழகில் எல்லோரும் பூரித்துப்போனார்கள். எனக்கு நடிப்பு வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

போன வருடம் குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. பம்மலில் இருக்கும் சித்திக்கு, அம்மாவின் தங்கைக்கு, மார்பகப் புற்றுநோய்க்காக ஆபரேஷன் நடந்து அதிக நாள் ஆகவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தாம்பரத்தில் டாக்டரைப் பார்க்கக் கிளம்பினால், அம்மாவோடு அத்தையும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். எங்கள் குடும்பத்தில் ஆஸ்பத்திரிக்கு யாரும் தனியாகப் போய்விட முடியாது.

டாக்டர் என்னைவிட இளையவர். பரிசோதித்து முடித்து, சித்தியைப் பற்றி விசாரித்துவிட்டு, "எந்த வயசுல ஏஜ் அட்டெண்ட் பண்ணீங்க?" என்று கேட்டார்.

"பன்னெண்டு" என்றேன். பழக்க தோஷம். சொல்லிச் சொல்லி அது எனக்கே உண்மையாகியிருந்தது.

"ஆமா டாக்டர், நான்தான் ஆரத்தி எடுத்தேன்" என்று அத்தை சாட்சி சொன்னாள்.

அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். அத்தையை ஒரு பார்வை பார்த்தாள்.

"இல்ல டாக்டர். ஒன்பது. ஊர் வாய்க்குப் பயந்து நான்தான் மறைச்சேன்."

அத்தையின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அம்மாவைத்தான் பார்த்தேன். யாருக்குத் தெரியக் கூடாது என்று இத்தனை காலம் பொத்திப் பொத்தி வைத்தாளோ, அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே குரல் பிசகாமல் சொல்லிவிட்டாள். கட்டி பற்றிய பயத்தையும் மீறி எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

"நான் மறைச்சதாலதான் இப்படி ஆச்சா?" என்று கேட்கும்போதுதான் அவள் குரல் உடைந்தது.

"அதெல்லாம் இல்லம்மா" என்றார் டாக்டர். "சீக்கிரம் வயசுக்கு வந்தா பெண் ஹார்மோன் கூடுதலா சில வருஷம் உடம்புல வேலை செய்யுது. அதனால ரிஸ்க் கொஞ்சம் கூடும். வந்தே தீரும்னு இல்ல. ஆனா உங்க தங்கச்சிக்குக் கேன்சர் இருந்திருக்கு. இவங்கள இன்னும் கவனமா பார்க்கணும். நீங்க சொன்னது நல்லதாப் போச்சு."

மேமோகிராம், ஸ்கேன் எல்லாம் எடுத்து, ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கும் அனுப்பினார்கள். முடிவு சாதாரணக் கட்டிதான் என்று வந்தது. ஆனாலும் வருடா வருடம் வந்து காட்டச் சொல்லிவிட்டார் டாக்டர்.

முடிவை வாங்கிக்கொண்டு மூவரும் ஷேர் ஆட்டோவில் திரும்பினோம். கேம்ப் ரோடு தாண்டியதும் அத்தை அம்மா பக்கம் திரும்பினாள். "ஏம்மா, என்கிட்ட கூடவா மறைச்சே?" என்றாள்.

"உங்ககிட்டதான் அண்ணி மறைச்சேன்."

எதிரே உட்கார்ந்திருந்த காலேஜ் பெண் சட்டென்று போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அத்தை வெளியே ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும் இடம் வந்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை மறைச்சே. தெரிஞ்சிருந்தா நான் பேசித்தான் இருப்பேன்" என்றாள்.

அந்தப் போட்டோவைக் கழற்றிவிடலாமா என்று கேட்டேன். அம்மா சம்மதிக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது அதைப் பார்த்து விசாரித்தால், "போட்டோ பன்னெண்டுல எடுத்தது. வயசுக்கு வந்தது ஒன்பதுல. உங்க பொண்ணுக்கு எப்போன்னு டாக்டர் கேட்டா நிஜத்தைச் சொல்லுங்க" என்கிறாள். அத்தை பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் உரக்கவே சொல்கிறாள்.