வெர்னா வீட்டுக்குள் இழுத்துவந்த சிக்னல்

வெர்னா ஸ்டிடம் இருபத்தாறு வருஷமாகப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். கென்டக்கியின் கிழக்கு மலைகளில், க்வில் ஃபோர்க் ஓடையை ஒட்டிப் போகும் அந்த ஒற்றைப் பாதையில் எந்த வளைவில் பனி உறையும், எந்த வீட்டு நாய் டயரைக் கடிக்க ஓடிவரும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. ஐம்பத்தெட்டு வயது, குள்ள உருவம், வெண்கலக் குரல். கடைசி இருக்கையில் எவனாவது எழுந்து நின்றால் கண்ணாடியைப் பார்க்காமலே பெயர் சொல்லி அதட்டுவாள்.

அவள் கணவர் ட்வைட் மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தவர். இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துபோக, வாரத்தில் மூன்று நாள் நாற்பது மைல் தள்ளியிருக்கும் டவுனுக்குப் போய் ரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வருவார். காலைப் பேருந்து நடையை முடித்ததும் வெர்னாதான் காரில் கூட்டிப்போவாள். மாற்றுச் சிறுநீரகம் வேண்டி லெக்ஸிங்டனில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அங்கே அவர்கள் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றே ஒன்று: "எப்ப வேணா கூப்பிடுவோம். ஒரு மணி நேரத்துக்குள்ள உங்களப் பிடிக்க முடியலேன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும்."

கூப்பிட்டால் கேட்க வேண்டுமே! கோடையில் வந்த வெள்ளம் தொலைபேசிக் கம்பத்தை அடித்துக்கொண்டு போனது போனதுதான். இன்டர்நெட் கம்பி அவர்கள் குடியிருக்கும் மலைப்பள்ளத்துக்குள் எட்டிப்பார்த்ததே இல்லை. மிச்சம் இருந்தது செல்போன் ஒன்று. அதற்கும் வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடுகூட வராது. தலைக்குமேல் தகரக் கூரை, மூன்று பக்கமும் மலை. வாசல் தூணில் ஒரு ஆணி இருந்தது. ஊறுகாய் ஜாடிக்குள் போனைப் போட்டு அந்த ஆணியில் தொங்கவிட்டால் வானம் தெளிவாக இருக்கிற நாளில் ஒரே ஒரு கோடு தெரியும். ட்வைட் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு ஜாடிக்குப் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். அவசரத்துக்கு என்று ட்வைட்டின் தம்பி ஹோபர்ட்டின் எண்ணையும் கொடுத்திருந்தார்கள். ஆனால் அவனும் அதே பள்ளத்தில் குடியிருப்பவன்தான்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. டவுனுக்குப் போகிற வழியில் சுகர் கேம்ப் வளைவில் கார் திரும்பியதும் ட்வைட்டின் சட்டைப்பையில் போன் சிணுங்கியது. முந்தின நாள் சாயங்காலம் மழை கொட்டியபோது வந்திருந்த குரல் செய்தி. "மிஸ்டர் ஸ்டிடம், உங்களுக்குப் பொருந்துற சிறுநீரகம் வந்திருக்கு, உடனே கூப்பிடுங்க."

அதற்குள் பதினாறு மணி நேரம் போயிருந்தது.

ட்வைட் போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டார். "விடு புள்ள. இந்நேரம் வேற யாருக்காவது வச்சிருப்பாங்க. அந்த மனுசனாவது நல்லா இருக்கட்டும்."

வெர்னா ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். "ஜாடியில போனைக் கட்டித் தொங்கவிட்டுட்டு நான் நிம்மதியாத் தூங்கியிருக்கேன் பாருங்க. இனிமே அது நம்ம சமையக்கட்டுல அடிக்கணும். அடிக்க வைக்கிறேன்."

அன்றைக்கே நூலகத்துக்குப் போய் விசாரித்து, வீட்டுக்குச் சிக்னலைக் கூட்டித் தரும் பூஸ்டர் ஒன்று வரவழைத்தாள். வெளியே மாட்ட மீன்முள் போல ஒரு ஆன்டெனா, உள்ளே மாட்டத் தட்டையாக இன்னொன்று, நடுவில் ஒரு பெட்டி, ஒரு சுருள் கேபிள். போன் கம்பெனியிடம் சொல்லிப் பதிந்தும் கொண்டாள். சனிக்கிழமை விடிந்ததும் ஏணியைப் போட்டுக் கூரை விளிம்பில் ஏறி, செல்போன் டவர் டவுனில்தான் இருக்கும் என்று எண்ணி, டவுன் இருக்கும் தென்மேற்கைப் பார்க்க ஆன்டெனாவை முடுக்கினாள். உள் ஆன்டெனாவை அதற்கு நேர் கீழே கூடத்தில் மாட்டினாள். பெட்டியின் சுவிட்சைப் போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்தது. போனில் ஒரு கோடும் இல்லை.

ஹோபர்ட் வேலிக்கு அந்தப் பக்கம் காபியோடு நின்றிருந்தான். கொழுந்தன் என்கிற உரிமையில் அவன் வாய் எப்போதும் கொஞ்சம் நீளம்தான்.

"என்ன அண்ணி, நிலாவுக்குப் பேசப் போறீங்களா?"

"மொதல்ல உன் வாய்க்கு ஒரு பூஸ்டர் எடுத்து அடக்கணும்டா."

"பூஸ்டர் போட்டா ஏறத்தான் செய்யும் அண்ணி, அடங்காது!"

ட்வைட் சிரித்தார். வெர்னாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை காலை நடையில்தான் அவளுக்குச் சுருக்கென்று உறைத்தது. சுகர் கேம்ப் வளைவில் பேருந்து திரும்பியதும் முப்பது பிள்ளைகளின் போன்களும் ஒரே நேரத்தில் கீச்கீச்சென்று கத்தின. தினமும் கேட்கிற சத்தம். ஒரு நாளும் அதைப் பற்றி யோசித்ததில்லை. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, வெறும் பேருந்தை அதே வளைவில் ஓரம் கட்டி இறங்கினாள். டவுன் பக்கம் பார்த்தாள், மொட்டை மலை. திரும்பி வடகிழக்கே பார்த்தாள். இரண்டு மலைமுகடுகளுக்கு நடுவே ஒரு வெட்டு. அந்த வெட்டுக்குள், ஊசி நட்டு வைத்த மாதிரி, ஒரு டவர்!

"அடக் கடவுளே, அங்கயா இருக்கே!" என்று ரோட்டில் நின்றே கத்தினாள். வேலிக்குள் மேய்ந்துகொண்டிருந்த கன்றுக்குட்டிகள் தலையைத் தூக்கிப் பார்த்தன.

வீட்டிலிருந்து டவர் தெரியாது. ஆனால் அதே மலைவெட்டு கொல்லைப்பக்கச் சரிவிலிருந்து தெரிந்தது. ஆக, தப்பான பக்கத்தைப் பார்த்து ஆன்டெனா வைத்திருக்கிறாள். சிவப்பு விளக்குக்குக் காரணம் பெட்டியோடு வந்த தாளில் இருந்தது. தேவாலயத்தில் மைக்கை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் 'ஙீ' என்று ஊளையிடுமே, அதே கதை. வெளி ஆன்டெனாவும் உள் ஆன்டெனாவும் கிட்டக்கிட்ட இருந்தால் ஒன்றின் சத்தத்தை மற்றது கேட்டுக் கேட்டுக் குழம்பிவிடும். பிரித்து வைக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை வீட்டின் பின்மூலையில் பழைய டிவி ஆன்டெனாக் குழாயை நட்டு, உச்சியில் மீன்முள்ளை மாட்டினாள். உள் ஆன்டெனா முன்பக்கச் சமையலறைக்குப் போனது. இதுவரை பகையாக இருந்த தகரக் கூரை இப்போது இரண்டுக்கும் நடுவே தடுப்பாக நின்றது. போனில் சிக்னலை எண்ணாகக் காட்டும் திரை ஒன்று உண்டு; எண் குறையக் குறைய சிக்னல் கூடும். ட்வைட் அதைப் பார்த்து உள்ளிருந்து கத்த, வெர்னா ஏணியில் நின்று குழாயை இம்மி இம்மியாகத் திருப்பினாள்.

"நூத்திப் பதினெட்டு!"

"இப்ப?"

"அதேதான்... இரு, இரு, நூத்திப் பன்னெண்டு!"

"இன்னும் திருப்பட்டா?"

"திருப்பு! நூத்தி நாலு! ஏ புள்ள, தொண்ணூத்தொம்போது! போச்சு, நூத்தி எட்டு, தாண்டிட்டே, பின்னால வா!"

"எவ்வளவு?"

"தொண்ணூத்தி மூணு! விளக்கு பச்சை! கையை எடு, மூச்சுகூட விடாதே!"

வெர்னா நட்டை இறுக்கிவிட்டு ஏணிப்படி பாதியிலேயே குதித்து ஓடினாள். சமையலறையில், அடுப்புக்கு மேலே, நான்கு கோடு. வேலிப் பக்கம் நின்ற ஹோபர்ட்டை இழுத்துவந்து அவன் போனிலிருந்து தங்கள் எண்ணை அடிக்கச் சொன்னாள். மேஜைமேல் இருந்த அவர்கள் போன் அலறியது. ட்வைட் எடுத்தார். மூன்றடி தள்ளி நிற்கும் தம்பியிடம், "ஹலோ, யாரு பேசறது?" என்றார். மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை பெருங்காற்று அடித்தது. சனிக்கிழமை காலை பார்த்தால் பெட்டி விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது, ஆன்டெனா திரும்பிவிட்டது. அன்றைக்குப் பள்ளிக்கூடங்களுக்கு இடையிலான கூடைப்பந்து இறுதி ஆட்டம். ஹோபர்ட் வண்டியில் உட்கார்ந்து ஹாரன் அடித்தான்.

"அண்ணி, வாங்க! நாளைக்குப் பார்த்துக்கலாம். நாலு மாசமா வராத போன் இன்னிக்கா வரப்போகுது?"

"நீ போடா. எனக்கு இது நேராகாம உட்கார முடியாது."

ஏணியில் ஏறினாள். உறைபனி விரலைக் கடித்தது. ட்வைட் எண் சொல்ல, மறுபடி இம்மி இம்மியாகத் திருப்பி, இந்த முறை குழாயை மூன்று இழுகம்பி போட்டுக் கட்டினாள். பதினொன்றரைக்குப் பச்சை விளக்கு நிலைத்தது.

இரண்டு மணிக்கு, மக்காச்சோள ரொட்டியும் அவரைக்காயும் மேஜைமேல் இருந்தபோது, போன் அடித்தது.

"மிஸ்டர் ஸ்டிடமா? நான் ரோஷெல், ஆஸ்பத்திரியிலிருந்து. உங்களுக்கு ஒரு சிறுநீரகம் இருக்கு. எவ்வளவு சீக்கிரம் வர முடியும்?"

போனைக் காதில் வைத்தபடியே ட்வைட் எழுந்து கோட்டைத் தேடினார். வெர்னா போனைப் பிடுங்கினாள். "கெளம்பிட்டோம்னு சொல்லுங்கம்மா! கார் ஓடிக்கிட்டிருக்கு!" கார் இன்னும் கொட்டகையில்தான் இருந்தது. இரண்டரை மணி நேரப் பாதையை எவ்வளவு நேரத்தில் கடந்தாள் என்று இன்றுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பள்ளி அலுவலகத்துக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமாம்.

ஞாயிறு காலை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலிருந்து ஹோபர்ட்டைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான். அவள் வீட்டுச் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தான். தேவாலயத்துக்குக் கிளம்பிய அக்கம்பக்கத்தார் பத்துப் பேரும் அங்கேதான் இருந்தார்கள். அந்தப் பள்ளத்தில் போன் பேச வேறு எங்கே போவது?

"அண்ணி, சொல்லுங்க!"

"வச்சுட்டாங்கடா! தையல் போடறதுக்கு முந்தியே வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சாம். உங்கண்ணன் டாக்டரோட கவுனை நனைச்சுட்டாராம்!"

"அண்ணன் ஒண்ணுக்குப் போயிட்டான்!" என்று ஹோபர்ட் கத்தியது தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. அதன் பின்னால் கைதட்டலும் அழுகையும் யாரோ நாற்காலியைக் கவிழ்த்த சத்தமும். வெர்னா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒரு நர்ஸைக் கட்டிப்பிடித்தாள்.

பத்தாம் நாள் ட்வைட் வீடு திரும்பினார். சிறுநீரகம் கெட்டதால் மூன்று வருஷமாக அவருக்கு உருளைக்கிழங்கு ஆகாது என்று வைத்திருந்தார்கள். டாக்டர் இப்போது சரி என்று சொல்லிவிட்டார். வெர்னா இரும்புச் சட்டியில் ஐந்து கிழங்கை வெங்காயத்தோடு வறுத்து முன்னால் வைத்தாள். சட்டி காலியாகும்வரை அவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.