சகாயராணி கேட்ட கேள்வி

கோம்பைப் பக்கம் எங்கள் திராட்சை விவசாயிகள் சங்கத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள் சகாயராணி. நாற்பதைத் தாண்டியவள். ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்க ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் ஆளில்லை. பக்கத்து மேசையில் இருக்கும் எனக்கு எல்லாம் அவள் வாயாலேயே தெரியும்.

கேரளத்து வியாபாரிகளின் ஆர்டர்கள் வந்து சேரும் மெயில் சர்வரை அவள்தான் அமைத்தாள். மென்பொருள் இலவசம். மக்கர் செய்தால் அதற்கென்றே இணையத்தில் இருக்கும் மன்றத்தில் கேள்வி போட வேண்டும். நேரமும் மனசும் உள்ள யாராவது பதில் சொல்வார்கள். அவளுக்குச் சொன்னவர் பெரும்பாலும் மார்ட்டின் என்பவர். எந்த ஊர், என்ன வயது, எதுவும் தெரியாது. எதை மாற்ற வேண்டும் என்று பொறுமையாக எழுதிவிட்டு, கடைசியில் ‘உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்ப்பார். அந்த வரிக்காக நாள் முழுக்கக் காத்திருப்பாள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

ஒருமுறை சர்வர் அரைநாள் படுத்துவிட்டது. தலைவர் ஞானசிகாமணி அவளைக் கூப்பிட்டார்.

“ஓசியில வாங்குனது கெட்டுப்போனா யாரு சட்டையப் புடிக்கிறது தாயி? காசு குடுத்து ஆள் வச்சா அவுக பதில் சொல்லுவாகல்ல.”

நியாயமான பேச்சுதான். மதுரைக் கம்பெனி ஒன்றுக்குச் சந்தா கட்டினார்கள். அங்கிருந்து வந்த வினோத்ராஜ் கெட்டிக்காரர். அவர் சரிசெய்து போன பிறகு சர்வர் தும்மக்கூட இல்லை. சகாயராணிக்குக் கேட்க ஒன்றுமில்லாமல் போயிற்று. அந்த மன்றத்தில் அரட்டைக்கு இடமில்லை. கேள்வி இருந்தால்தான் எழுதலாம். மார்ட்டின் மற்றவர்களுக்கு எழுதும் பதில்களைப் படித்துப் படித்து ஏங்கினாள்.

ஒரு ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிந்ததும் ஆபீசைத் திறந்தாள். இல்லாத கோளாறை எழுதினால் பொய்யாகிவிடும். ஆகவே சர்வர் அமைப்பில் ஒரு வரியைத் தானே அழித்து, மெயிலை மெய்யாகவே நிறுத்திவிட்டுக் கேள்வி போட்டாள். இது என்ன பாவத்தில் சேரும் என்று சாமியாரைத்தான் கேட்க வேண்டும்.

சாயங்காலத்துக்குள் மார்ட்டினின் பதில் வந்தது. இது உங்களுக்குத் தெரிந்த வேலை ஆயிற்றே என்று எழுதியிருந்தார். சும்மா பேசத் தோன்றினால் எழுதுங்கள், அதற்குக் கேள்வி வேண்டாம் என்று தன் சொந்த முகவரியையும் கொடுத்திருந்தார்.

அழித்த வரியைத் திரும்பப் போட்டாள். தேங்கிக் கிடந்த ஆர்டர்கள் மளமளவென்று வந்து விழுந்தன. புதிதாக ஒரு கடிதம் திறந்து, அன்புள்ள மார்ட்டின் என்று அடித்தாள். அதற்குமேல் கை ஓடவில்லை. இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாள். கோளாறு எதுவும் இல்லாமல் ஒரு மனிதருக்கு என்ன எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.