கூரை போடாத கிளப்

கூடைப்பந்து அணியின் மனேஜர் என்பது சம்பளமில்லாத, பந்தைத் தொடவும் தேவையில்லாத, ஆனால் எது பிழையாகப் போனாலும் முதலில் பேச்சு வாங்குகிற உத்தியோகம். சனிக்கிழமைகளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மண்டபம் மண்டபமாக அலையும் தாய்மாரே, இது உங்களுக்குத்தான்.

நியமனம்

நியூசிலாந்தில், ஒக்லண்டின் மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் பெண்பிள்ளைகள் ஏழு பேரைச் சேர்த்து ஒரு அணி தொடங்கியபோது, மனேஜர் யார் என்ற கேள்வி வந்தது. எல்லா அப்பாமாரும் திடீரென்று கைபேசியைப் பார்க்கத் தொடங்கினார்கள். நான் காலையில் எழும்பிச் சமைத்து, வீடு கூட்டி, மாமியாரை டொக்டரிடம் கொண்டுபோய், மகளைப் பள்ளிக்கூடத்தால் ஏற்றி வருகிறவள். இது எதுவும் கணக்கில் வரவில்லை. அந்த அப்பாமாரில் ஒருவரான மதுரைக்காரர் ரமேஷ், எனக்கு ஏதோ பரிசு தருகிறவர் மாதிரிச் சிரித்துக்கொண்டு சொன்னார்: "நீங்கதான் வீட்ல சும்மா இருக்கீங்களே அக்கா, நீங்களே பாத்துக்கோங்க."

வரலாற்றுப் பாடம்

பயிற்றுநராகக் கிடைத்தவர் பப்லோ. அர்ஜென்டினாக்காரர், பகலில் வீடுகளுக்குப் பெயின்ற் அடிப்பவர். அவருடைய ஊர்க் கிளப் நாட்டுக் கோப்பையும் வென்று, தென்னமெரிக்கா முழுவதற்குமான கோப்பையும் வென்றது. இதைக் கேட்டு நாங்கள் புளகாங்கிதம் அடைந்தது உண்மை. அது முதல் வாரம்.

பிறகுதான் விளங்கியது, மனிதர் அந்தக் கிளப்பின் கதையை ஒன்றுமில்லாததிலிருந்து தொடங்கி ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வருகிறார் என்று. மாவு ஆலை முற்றத்தில் வேலையாட்கள் விளையாடத் தொடங்கினது, பீப்பாய் வளையத்தைக் கூடையாக அடித்தது, மழை பெய்தால் சேற்றில் பந்து துள்ளாதது. ஊர்ப் பெண்கள் ஞாயிறுதோறும் இறைச்சிப் பணியாரம் பொரித்து விற்று, கூரைக்குக் காசு சேர்த்தார்களாம். அந்தப் பெண்களின் பெயர் என்ன என்று கேட்டேன். ஒருத்தியின் பெயரும் தெரியாது. கோப்பை தூக்கினவர்களின் சப்பாத்து அளவு வரைக்கும் தெரியும்.

பிள்ளைகள் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எங்களைப் படிப்பித்த கொன்வென்ற் மதர் என்றால் விசில் ஒன்றிலேயே எல்லோரையும் ஓட வைத்திருப்பா. கதையை நிற்பாட்டிவிட்டுப் பந்தை எடுங்கள் என்று நேரே சொன்னேன். அவர் மனம் நொந்துபோய்ச் சொன்னார்: "இன்னும் கூரையே போடவில்லையே, மேடம்."

கராஜில் ஒரு கேள்வி

அடுத்த தலையிடி சிவம் மாஸ்ரர். தன் வீட்டுக் கராஜில் சனிக்கிழமை காலை கணக்கு ரியூஷன் வைப்பவர். எங்கள் ஆட்டமும் சனி காலைதான். ரியூஷனா ஆட்டமா என்றால் எங்கள் ஆட்கள் எதைத் தெரிவுசெய்வார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒரு நாள் நாலு பேர்தான் வந்தார்கள், ஐந்து பேர் இல்லாமல் ஆட்டம் தொடங்காது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் அணியின் பெயரையே போட்டியிலிருந்து எடுத்துவிடுவோம், அடுத்த வருடமும் இடமில்லை என்று போட்டி நடத்துகிறவர்கள் அறிவித்துவிட்டார்கள்.

வகுப்பைப் பின்னேரத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்க, பப்லோவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் மாவு ஆலையிலிருந்து தொடங்கினார். மாஸ்ரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, கேளும் அவரை, அங்க விளையாடின ஆக்களில எத்தினை பேர் டொக்டரா வந்தவையாம்?" நான் மொழிபெயர்த்தேன். பப்லோ நேர்மையாக யோசித்துச் சொன்னார்: "ஒருவர். என் முழங்காலை வெட்டியவர் அவர்தான்."

நானே தேடிக்கொண்ட வினை

எழும்பும்போது பப்லோ இன்னொன்று சொன்னார். அவருடைய கிளப்பில் பள்ளிக்கூட அறிக்கையைத் தலைவரிடம் காட்டாத பிள்ளைக்குப் பந்து கொடுக்க மாட்டார்களாம். மாஸ்ரரின் முகம் பூத்தது. உடனே தேத்தண்ணி வந்தது. வகுப்பு பின்னேரத்துக்கு மாறியது. பதிலுக்கு ஒரு நிபந்தனை: வெள்ளிக்கிழமைக்குள் கணக்குச் செய்து அனுப்பாதவள் சனிக்கிழமை விளையாடக் கூடாது. இருவரும் கைகுலுக்கினார்கள்.

பிள்ளைகள் சொல்லாமலே கணக்குச் செய்யத் தொடங்கினார்கள். பெற்றோர் என்னைக் கும்பிடாத குறை. என் மகள் மெலனி மட்டும் சோபாவில் படுத்திருந்தாள். அணியில் நன்றாக விளையாடுகிறவள் அவள்தான், அது அவளுக்கும் தெரியும். நான் கத்த, தலையைத் தூக்காமலே சொன்னாள்: "ரிலாக்ஸ் அம்மா, தே நீட் மீ."

கடைசி ஆட்டம்

பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு வந்தது ஐந்து பேர். ஒருத்திக்குக் காய்ச்சல், இன்னொருத்தி கல்யாண வீட்டுக்கு வெலிங்டன் போய்விட்டாள். ஐந்தாவது ஆள் மெலனி. பப்லோ அவளை ஆடவிடாமல் ஓரத்து வாங்கில் இருத்தினார். அவள் செய்யவேண்டிய கணக்கு மாஸ்ரருக்குப் போய்ச் சேரவில்லையாம்.

அணியே போய்விடும் என்று சொன்னேன். யூனிஃபோம் தோய்த்தவளும் நான், கார் ஓட்டினவளும் நான் என்றேன். அவர் அசையவில்லை. ஒரு வருடம் இறுதி ஆட்டத்தில் தங்கள் மிகச் சிறந்த ஆட்டக்காரனையே அறிக்கைக்காக வெளியே வைத்தார்களாம், கோப்பை போய்விட்டதாம். இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று கேட்டால், கதை இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லையாம்.

மாஸ்ரருக்குப் போன் அடித்தேன். பக்கத்துத் தெருதான், வீட்டுச் செருப்போடும் சிவப்புப் பேனாவோடும் வந்தார். மெலனி வாங்கில் குனிந்திருந்து கணக்குச் செய்தாள். முதல்தடவையாக, எழுதினதை அழித்து இன்னொருக்கால் எழுதினாள். நடுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். மற்ற நாலு பிள்ளைகளும் மாஸ்ரரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் திருத்தினார், ஒரு இடத்தில் பேனா நின்றது, நாலு பேரையும் ஒருக்கால் நிமிர்ந்து பார்த்தார். "ஒண்டு பிழை. பின்னேரம் வந்து திருத்து. இப்ப ஓடு."

படுதோல்வி. ஆனால் பெயர் தப்பியது. கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு, வாருங்கள் போவோம் என்றேன். ஒருவரும் எழும்பவில்லை. வேர்க்க விறுவிறுக்கப் பிள்ளைகள் ஐந்து பேரும் பப்லோவைச் சுற்றி நிலத்தில் இருந்துவிட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வாங்கில் வசதியாக இருந்த மாஸ்ரர் என்னைக் கூப்பிட்டார்: "தங்கச்சி, கேளும் அவரை, கூரை போட்ட பிறகு என்ன நடந்ததாம்?"

எந்தப் பெரிய கிளப்பின் வரலாற்றையும் கொஞ்சம் கிளறிப் பாருங்கள், வீட்டில் சும்மா இருந்த ஒருத்தி கார்த் திறப்போடு வாசலில் காத்துக்கொண்டு நிற்பாள்.