மெஷின் ஓடாத இடத்தில்

ரிங்லெட் என்கிற மலையூருக்கு மேலே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் ரோலர் மெஷினுக்கு இலை போடுகிறவள் பூவிழி. வாடவைத்த இலையை மெஷின் வாயில் கொட்ட வேண்டும்; அது சுருட்டித் துப்புவதை அள்ளி அடுத்த மேசைக்குத் தள்ள வேண்டும். வேலை அவ்வளவுதான். பள்ளிக்கூடம் முடிந்த கையோடு உள்ளே நுழைந்தவளுக்கு இப்போது நாற்பதை எட்டிப் பார்க்கிற வயது. நடுவில் ஒரு கல்யாணமும் நடந்தது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று போன மனிதன், போனவன்தான். அவனைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் காகிதத்துக்குத்தான் கேடு.

ரோலர் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. அங்கே எல்லாரும் கையாலும் உதட்டாலும்தான் பேசிக்கொள்வார்கள். காதில் செருகிக்கொள்ள ஆளுக்கொரு ஜோடி மஞ்சள் ரப்பர் கொடுத்திருந்தார்கள். பூவிழி அதைப் பையில் வைத்ததோடு சரி. செருகினால் தன் பாட்டே தனக்குக் கேட்காது.

ஆமாம், பாட்டு. சின்ன வயதில் பள்ளிக்கூட விழாவில் தேவாரம் பாடப் போனவளை, தொண்டை கரகரவென்று இருக்கிறது என்று டீச்சர் பின்வரிசையில் நிறுத்தி, வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று சொல்லிவிட்டார். என்ன மனசோ அந்த அம்மாவுக்கு. வருஷக்கணக்கில் வாயசைத்தே பழகிய பெண், ரோலர் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் வாய்விட்டுப் பாடினாள். எவருக்கும் கேட்காது என்கிற தைரியம். சினிமாப் பாட்டு இல்லை. தானே சொல் கட்டி, தானே மெட்டுப் போட்டது. மூடுபனியில் ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கும் லாரியைப் பற்றி ஒன்று. லெம்பா பெர்த்தாமில் வெள்ளத்தில் சேறு புகுந்த சின்னம்மா வீட்டைப் பற்றி ஒன்று. போனவனைப் பற்றிக்கூட ஒன்று இருந்தது, அதுதான் எல்லாவற்றிலும் நல்ல பாட்டு.

ஒரு நாள் பாடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. ரோலர் சட்டென்று நின்றது. பூவிழியின் குரல் நிற்கவில்லை. ஒரு வரி முழுவதும் அந்த அமைதிக்குள் தனியாக ஓடியது. ஃபேக்டரியே திரும்பிப் பார்த்தது. அவளுக்கு வெட்கத்தில் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எதிரே ஸ்பேனரும் கையுமாக நின்றவன் மெக்கானிக் ஹரிதாஸ். முப்பதைத் தொடாத பையன், கிட்டார் பைத்தியம். அன்றைக்குப் பிடித்தவன் அவளை விடவேயில்லை. அந்தப் பாட்டுகளுக்கெல்லாம் தான் கிட்டார் வாசிப்பதாகவும், சைஃபுல் என்ற பையன் நடத்துகிற கிளப்பில் இரண்டு பேருமாகப் பாடலாம் என்றும் நச்சரித்து நச்சரித்துச் சம்மதிக்க வைத்தான்.

ரிங்லெட்டில் சேக் தாவூத் சாப்பாட்டுக் கடையைத் தெரியாதவர் கிடையாது. அதன் மாடியை அவர் மகன் சைஃபுல் சின்னதாக ஒரு கிளப் ஆக்கியிருந்தான். மாதம் ஒரு சனிக்கிழமை, சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிற இளசுகள் வந்து பாடும். இண்டி பாப் என்று அதற்குப் பெயர். மகனுக்குக் கிறுக்கு என்று கீழே புரோட்டாக் கல்லடியில் நின்று தகப்பன் சொல்லுவார். ஆனால் மேலே கூட்டம் வந்தால் கீழேயும் வியாபாரம் என்பதால் சத்தமாகச் சொல்லமாட்டார். இந்த மாதம் கோலாலம்பூரிலிருந்து அரிஃபின் என்பவர் வருகிறாராம். அங்கே இதுபோல் கிளப் நடத்துகிறவர். பிடித்துப் போனால் தன் கிளப்பில் தொடர்ந்து பாட அழைத்துக்கொள்வார்.

ஹரிதாஸ் வீட்டில் பழகினார்கள். ஃபேக்டரிப் பின்சுவரை ஒட்டி வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் ஒன்று அது. வேலை முடிந்து, இரண்டாம் ஷிப்டு ஓடிக்கொண்டிருக்கும் சாயங்காலங்களில் உட்காருவார்கள். ரோலரின் ரீங்காரம் சுவரில் ஓடும், தரையில் ஓடும், மேசைமேல் வைத்த தேத்தண்ணிக் கிளாசிலும் ஓடும். அந்த லயத்துக்காரர்கள் அதைச் சத்தமென்று கணக்கில் எடுப்பதே இல்லை. என்ன சத்தம் இது என்று விருந்தாளி கேட்டால், எந்தச் சத்தம் என்று திருப்பிக் கேட்பார்கள். ஃபேக்டரி ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில் பூவிழிக்கு ஏனோ பாட வராது. கோயிலுக்குப் போவாள், துணி துவைப்பாள். அது ஏன் என்று அவளும் யோசிக்கவில்லை, மெஷினின் ஒவ்வொரு ஆணியையும் அறிந்த அந்த மெக்கானிக்கும் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு நின்றவளைப் பார்த்து, அவள் அம்மா தங்கம்மா, இந்த வயசில் போய்ப் பாடினால் யார் கேட்கப்போகிறார்கள் என்றார். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, குளிருக்குப் பயந்து சொன்னார்.

"யாராச்சும் கேக்கட்டுமேம்மா," என்றாள் பூவிழி. "ஒருக்கா கேட்டாப் போதும்லா."

அவள் வாழ்க்கையில் வாய்திறந்து ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

கிளப் சின்ன அறை. கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றி இறங்கும் லாரிச் சத்தம் உள்ளே வரக்கூடாதென்று சைஃபுல் நான்கு சுவரிலும் கனமான ஸ்பாஞ்சு ஒட்டியிருந்தான். முதலில் அதீரா என்ற பெண் மலாய் மொழியில் பாடினாள். அடுத்து இவர்கள். கூட்டம் மரியாதையாக வாயை மூடிக்கொண்டது. பூவிழி தன் வாழ்நாளில் அப்படியொரு அமைதியில் நின்றதில்லை. மாடிப்படி இருட்டில் இல்லாத படியில் கால் வைத்ததுபோல் இருந்தது.

ஹரிதாஸ் மீட்டினான். கிட்டார் எங்கோ பக்கத்து வீட்டில் ஒலிப்பதுபோல் அவளுக்குக் கேட்டது. பாடத் தொடங்கினாள். முதல் வரி எப்படியோ பிசகாமல் வந்தது. இரண்டாவது வரியில் குரல் சரிந்தது. பிடித்து ஏற்றினாள், ஏறியது ரொம்பவும் ஏறிவிட்டது. இத்தனை வருஷமாகக் காலுக்கடியில் ஓடிக்கொண்டிருந்த அந்த ரீங்காரம் இல்லை. அதன்மேல்தான் தன் பாட்டெல்லாம் நின்றது என்பது அவளுக்கு அங்கே, அத்தனை பேர் முன்னால்தான் தெரிந்தது. முன்வரிசைப் பெண் ஒருத்தி பரிதாபமாகச் சிரித்துவைத்தாள். அந்தச் சிரிப்புக்குப் பதில் ஒரு அறை விட்டிருக்கலாம்.

பூவிழி பாட்டை நிறுத்தினாள். சைஃபுலைப் பார்த்து, சுவரில் இருந்த புகை இழுக்கும் காற்றாடியைக் காட்டினாள்.

"தம்பி, அதக் கொஞ்சம் போடுப்பா."

அவன் ஒன்றும் புரியாமல் போட்டான். காற்றாடி உர்ரென்று சுழன்றது. பூவிழிக்கு உயிர் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். போனவனைப் பற்றிய பாட்டு, நெஞ்சிலிருந்து வந்தது. தொண்டை கரகரத்த இடம்கூட அழகாய் விழுந்ததாக அவளுக்குத் தோன்றியது. கேளுங்கள், கேளுங்கள் என்று அவள் உடம்பே கெஞ்சியது. கடைசி வரி முடிந்து கண்ணைத் திறந்தபோது ஹரிதாஸின் கைகள் கம்பியில் இல்லை. எப்போது எடுத்தானோ. அவள் காற்றாடி இரைச்சலின் சுருதியோடு சேர்ந்து பாடியிருக்கிறாள். கிட்டார் வேறு எங்கோ இருந்திருக்கிறது. பின்னால் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். பிறகு எல்லாரும் கைதட்டினார்கள், அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது.

அரிஃபின் நல்ல மனிதர். அவளிடம் பணிவாக நன்றி சொன்னார். அப்புறம் ஹரிதாஸின் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப்போனார். கோலாலம்பூரில் கிட்டாருக்கு ஆள் தேவையாம்.

ஹரிதாஸின் மோட்டார் சைக்கிளில் திரும்பினார்கள். அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டதும் ஹரிதாஸ் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டான்.

"வரலைன்னு சொல்லிடவாக்கா?"

"எதுக்கு? நீ போ லா. நல்லா வாசிக்கிறே."

சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் நின்றாள். அவன் மறுத்துப் பேசுவான் என்று நின்றாளோ என்னவோ. அவன் சரிக்கா என்று மட்டும் சொல்லி மோட்டாரைத் திருப்பினான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்காக வயிறு எரிகிறது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை ரோலர் ஓடியது. பாடக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் இலையைக் கொட்டினாள். ரீங்காரம் காலில் ஏறியதும் வாய் தானாகத் திறந்துகொண்டது. அதே பாட்டு. ஒரு இடத்திலும் பிசகவில்லை. இதற்கு முன் இவ்வளவு நன்றாக அவள் பாடியதே இல்லை.

எதிரே புதிதாக வந்திருந்த பங்களாதேஷ்காரப் பையன், அவள் உதடு அசைவதைப் பார்த்துவிட்டுத் தன்னிடம்தான் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்துக் கிட்டே வந்தான். காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று கையை விரித்தான்.

பூவிழி ஒன்றுமில்லை என்று தலையசைத்தாள். பைக்குள் கைவிட்டு மஞ்சள் ரப்பரை எடுத்து, இரண்டு காதிலும் செருகிக்கொண்டாள்.