மொக்கம்மாளின் முகம் வெட்டிய கல்

யுத்தம் முடிந்த மறுவருஷம். தேவாரம் ஊருக்கு மேலே மலையில், ஏலக்காய்த் தோட்டத்துத் துரை பங்களாவில் பஞ்சம்மாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அங்கே சமையல்காரன் அவள் அண்ணன் பொன்னுராஜ். இரண்டு வயது மகள் மொக்கம்மாளைக் கீழே ஊரில் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

பிள்ளைக்குப் பிறவியிலேயே மேலுதடு பிளந்து மூக்கோடு ஏறியிருக்கும். கிரகணத்தன்றைக்கு இவள் வயிற்றுப்பிள்ளையோடு அரிவாள்மனையில் உட்கார்ந்ததுதான் காரணம் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. காது குத்த மடி கொடுக்கவேண்டிய தாய்மாமன் பொன்னுராஜும், "அடுத்த மாசம் பாப்போம்" என்று நழுவிக்கொண்டே இருந்தான். மாமன் மடி இல்லாமல் காதுகுத்து ஏது? காது குத்தாத பிள்ளையைக் குலசாமி கோயிலில் யார் சேர்ப்பார்கள்?

அன்று துரைக்குக் கப்பலில் வந்த மரப்பெட்டியை இருவரும் பிரித்தார்கள். வைக்கோலை விலக்கிய பஞ்சம்மாளின் கை அப்படியே நின்றுவிட்டது.

பச்சைக்கல்லில் ஒரு முகம். உப்பிய கன்னம், இடுங்கிய கண், பிளந்து மேலேறிய உதடு. அழப்போகிற மொக்கம்மாளேதான்.

அவர்கள் வகையறாவில் செத்தவர்களுக்குத்தான் கல்லில் முகம் வெட்டி நடுவார்கள். அங்கனயே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, எம்புள்ளைக்கு என்னண்ணே ஆச்சு? யாரு கல்லு அடிச்சது?"

"ஏ கூறுகெட்டவளே, இது மெக்சிகோங்கிற தேசத்துக் கல்லு. ஒல்மெக்குன்னு ஒரு ஜனமாம். ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல ஆச்சுன்னு துரை சொன்னாக. ஒம் மக பொறக்கையில இதுக்குத் தாடி நரைச்சிருக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப இந்த வாயி?"

"பாதி புள்ளை, பாதி அந்த ஊருப் புலியாம். மழை குடுக்கிற சாமியா இருக்கும்னு துரை சொல்லுறாக. பெரிய பூசைக்கு அந்த ஊருத் தலைவரு இதை மொகத்துல வச்சுக்கிடுவாராம். வச்சதும் அவரே சாமியாம். சாமி எறங்கிக் குறி சொல்லுற நம்ம கோடாங்கி மாதிரின்னு வையி."

சொன்னதோடு விடாமல், கல்லைத் தூக்கித் தன் முகத்தில் பிடித்தும் காட்டினான்.

பஞ்சம்மாள் பார்த்தாள். அண்ணன் உடம்பு, மகள் முகம். இந்த உதட்டையா கும்பிட்டார்கள்? இதே உதட்டையா?

"எடுக்காதண்ணே," என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "அப்படியே இருந்து சொல்லு. எம் மகளை மடியில வச்சுக்கிடுவியா, மாட்டியா?"

 

பொன்னுராஜ் கல்லை மெல்ல இறக்கி வைக்கோலில் வைத்தான். தங்கச்சியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வெள்ளிக்கெழமை காது குத்த ஆசாரியை வரச்சொல்லு," என்றான். "நாளைக் கடத்தாத."