சாப்பாட்டு மேசையில் ஒரு மண்ணெண்ணெய்க் கார்

இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் கார் செய்கிறவனுக்கும் தலையிடி முழு அளவில்தான் வருகிறது. பசையோடும் கத்தியோடும் மாரடிக்கும் தோழர்களே, உங்களுக்கு இது தெரியும். நான் செய்வது ஹொட் ரொட் மாதிரிகள்: பழைய காரின் கூரையை வெட்டி, உடம்பைத் தாழ்த்தி, எஞ்சினை முறுக்கேற்றி இளவட்டங்கள் ஓட்டிய வண்டிகள். ஊருக்கு ஊர் வெட்டு வேறு, காலத்துக்குக் காலம் ரயர் வேறு. ஒன்று பிசகினாலும் மானம் போய்விடும். இவ்வளவும் நடப்பது மொன்றியலின் சென்ட் லோரன்டில், எங்கள் வாடகை வீட்டின் ஒரே சாப்பாட்டு மேசையில்.

எலுமிச்சம்பழம்

சென்னையிலிருந்து வந்து இங்கே கணினி வேலை செய்யும் இளைஞர் ஒருவர் ஐம்பதுகளின் கலிபோர்னியா வண்டி கேட்டார். கூரையை மயிரிழை பிசகாமல் வெட்டி, முன்பக்கத்தைத் தாழ்த்திக் கொடுத்தேன். முன்னால் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கட்டித் தொங்கவிடச் சொன்னார். அந்தக் காலத்துக் கலிபோர்னியாவில் அது கிடையாது என்று பொறுமையாக விளக்கினேன்.

"சார், எங்க அண்ணன் கலிபோர்னியாலதான் இருக்கான். அவன் கார்ல தொங்குது சார்!"

உப்பு எங்கே?

போன வருடப் போட்டிக்கு அறுபதுகளின் மொன்றியல் வண்டி ஒன்றைக் கொண்டுபோனேன். மூன்று வாரம் தேய்த்த பளபளப்பு. பிரெஞ்சுக்கார நடுவர் மிசியே ஜில் அதைக் கவிழ்த்து, அடியில் டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"அழகான கார், மிசியே. ஆனால் இங்கே ஒரு குளிர்காலம்கூட ஓடவில்லை. பனி கரைய வீதியில் கொட்டும் உப்புத் தின்ற துரு எங்கே?"

கெடு

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். மனைவி நாலு வருடமாகச் சோபாவில் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறாள். அவள் பக்கம் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குக் கோபம். அந்த மேசை போனால் என் தொழிலும் போய்விடும். அவள் குரலை உயர்த்தவேயில்லை.

"அடுத்த முறையும் பரிசில்லாமல் வந்தால் மேசை எனக்கு. உங்கடை காருகள் எல்லாம் பெட்டிக்குள்ளை."

நாலு சொட்டு

இந்த வருடம் துணிந்து யாழ்ப்பாணப் பாணியில் இறங்கினேன். போரில் பெற்றோல் தடைப்பட்ட தொண்ணூறுகளில், சின்னப் போத்தலிலிருந்து நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய பழைய இங்கிலீசுக் கார். இது ஹொட் ரொட் இல்லையென்றால் வேறு எது?

அப்போது அங்கே வாடகைக் கார் ஓட்டிய வாகீசன் அண்ணைதான் ஆலோசகர். சென்ட் மிஷேலிலிருந்து பஸ் ஏறி வந்து, குழாய், போத்தல் எல்லாம் சரிபார்த்தார். போட்டியன்று காலை நான் குளிக்கப் போன நேரம், மணம் போதாதென்று மாதிரியின் எண்ணெய்த் தாங்கிக்குள் அசல் மண்ணெண்ணெயும் விட்டுவிட்டார். வந்து பார்த்தால், பச்சைப் பெயின்ற் கரைந்து பின்பக்கமெல்லாம் வழிகிறது. அவர் கொண்டுவந்த மிச்ச மண்ணெண்ணெய் மேசையில் கவிழ்ந்து கிடக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணை அசரவில்லை.

"தம்பி, என்ரை காரும் உப்பிடித்தான் இருந்தது!"

டோர்ச் வெளிச்சம்

வேறு வழியில்லாமல் அதையே கொண்டுபோனேன். அதே நடுவர், அதே டோர்ச். கறையைப் பார்த்தார், மூக்கை நீட்டி மணந்தார், போத்தல் எதற்கென்று கேட்டார். அண்ணை தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொல்லோடு கையையும் காலையும் ஆட்டி ஸ்ரார்ட் பண்ணியே காட்டினார். முதல் பரிசு எனக்கு!

"போன முறை நீங்கள் கொண்டுவந்தது பொம்மை, மிசியே. இது ஓடின கார்."

தீர்ப்பு

கேடயத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். எல்லா ஜன்னலும் திறந்திருந்தன. மனைவி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"பரிசையும் நீங்களே வச்சிருங்கோ, மேசையையும் நீங்களே வச்சிருங்கோ. இந்த மணத்திலை ஆர் இருந்து சாப்பிடுறது?"

தோழர்களே, நாலு வருட உழைப்பால் காப்பாற்ற முடியாத மேசையை ஒரு போத்தல் மண்ணெண்ணெய் எனக்கே எழுதிக் கொடுத்துவிட்டது, சாப்பாடு மட்டும் இப்போது எனக்கும் சோபாவில்தான்.